யூசரைப் பார்க்க டீம் முழுவதும் வரட்டும்!

சாப்ட்வேர் எழுதும் நண்பர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "புரோகிராம் சரியாகத்தான் வேலை செய்கிறது. அவருக்குத்தான் பயன்படுத்தத் தெரியவில்லை." இதே நேரத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் யூசரும் ஒரு வாக்கியம் சொல்லிக் கொண்டிருப்பார். "எனக்குத்தான் கம்ப்யூட்டர் அவ்வளவாக வராது." இருவரும் யூசர் மேலேயே பழியைப் போட்டு விடுகிறார்கள். சாப்ட்வேர் மட்டும் தப்பித்துக் கொள்கிறது. அதனால் அதில் உள்ள குறை அடுத்த வெர்ஷனிலும் அப்படியே வருகிறது.

இதை மாற்றுவதற்கு உள்ள வழிதான் யூசர் ரிசர்ச். அதாவது, சாப்ட்வேரைப் பயன்படுத்தப் போகிறவர்களை நேரில் பார்த்து, அவர்கள் வேலை செய்வதைக் கவனித்து, அதன்படி சாப்ட்வேரைத் திருத்துவது. பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே தனி ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஒருவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதாது. புரோகிராமர், டிசைனர், டெஸ்டர், கஸ்டமர் கேரில் போன் எடுப்பவர், முதலாளி என்று டீமில் உள்ள அனைவரும் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம். ஏன் அப்படி, அதை எப்படிச் செய்வது, இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள சிறிய டீம் செலவில்லாமல் எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம்.

ரிப்போர்ட் ஏன் போதாது?

ஒருவர் மட்டும் யூசர்களைப் பார்த்து வந்து நாற்பது பக்க ரிப்போர்ட் எழுதுகிறார் என்று வைத்துக் கொள்வோம். அதை மெயிலில் எல்லோருக்கும் அனுப்புகிறார். என்ன நடக்கும்? பாதிப் பேர் திறக்க மாட்டார்கள். திறந்தவர்களும் முதல் பக்கத்தோடு நிறுத்திக் கொள்வார்கள். "சேவ் பட்டனைக் கண்டுபிடிக்க யூசர்கள் சிரமப்பட்டனர்" என்ற வரியைப் படிக்கும் புரோகிராமருக்கு அது ஒரு வரி மட்டுமே. "யாரோ ஒருத்தர் சிரமப்பட்டிருப்பார்" என்று கடந்து விடுவார்.

அதே புரோகிராமர் அந்தக் காட்சியை நேரில் பார்த்தால் கதை வேறு. தான் எழுதிய ஸ்கிரீனில் ஒருவர் மவுஸை இங்கும் அங்கும் நகர்த்திக் கொண்டு, இரண்டு நிமிடம் தேடி, கடைசியில் "மன்னிக்கவும், எனக்குத் தெரியவில்லை" என்று சொல்வதைப் பார்ப்பது சுலபமல்ல. எழுந்து போய் "இதோ இங்கே இருக்கிறது" என்று காட்டி விடலாமா என்று கை பரபரக்கும். அந்தத் தவிப்பை மெயிலில் அனுப்ப முடியாது. பார்த்தவர் அன்று மாலையே அந்தப் பட்டனைத் திருத்தி விடுவார்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே காட்சியை நான்கு பேர் பார்த்தால் நான்கு விதமான விஷயங்கள் கண்ணில் படும். புரோகிராமர், ஸ்கிரீன் லோட் ஆகும் முன்பே யூசர் இரண்டாவது முறை கிளிக் செய்ததைக் கவனிப்பார். டிசைனர், எழுத்து சிறியதாக இருந்ததால் யூசர் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டு போனதைக் கவனிப்பார். போன் எடுப்பவர், "இந்தக் கேள்விதான் தினமும் எனக்கு வருகிறது" என்பார். தனியாக ஒருவர் போயிருந்தால் இவற்றில் ஒன்று மட்டுமே வீடு வந்து சேர்ந்திருக்கும்.

ஓகே பட்டன் பிறந்த கதை

நாம் தினமும் கிளிக் செய்யும் ஓகே பட்டனுக்குப் பின்னால் இப்படி ஒரு காட்சி இருக்கிறது. 1983ல் ஆப்பிள் நிறுவனம் லிசா என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. மவுஸ், மெனு, விண்டோ ஆகியவற்றோடு விற்பனைக்கு வந்த ஆரம்ப கால கம்ப்யூட்டர்களில் அதுவும் ஒன்று. அதை உருவாக்கும்போதே லாரி டெஸ்லர் என்ற வல்லுநர், கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்களை உட்கார வைத்து லிசாவின் சாப்ட்வேரைச் சோதித்து வந்தார்.

அப்போது டயலாக் பாக்ஸில் 'டூ இட்' என்று ஒரு பட்டன் இருந்தது. 'இதைச் செய்' என்று பொருள். சோதனைக்கு வந்தவர்கள் பலர் அந்த இடத்தில் தயங்கினார்கள். கேன்சல் பட்டனை அழுத்தினார்கள். ஏன் என்று புரியவில்லை. ஒருவர் மிகவும் எரிச்சல் அடைந்ததைப் பார்த்து, "ஏன் அந்தப் பட்டனை அழுத்தவில்லை?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு சொற்களுக்கு இடையே இருந்த இடைவெளி திரையில் சரியாகத் தெரியவில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஐ', சிறிய எழுத்து 'எல்' போலத் தெரிந்தது. அவர் அதை 'டோல்ட்' என்று படித்திருக்கிறார். ஆங்கிலத்தில் அதற்கு 'மடையன்' என்று பொருள்! "நான் மடையன் இல்லையே, இந்த சாப்ட்வேர் ஏன் என்னை அப்படி அழைக்கிறது?" என்று கேட்டார். பட்டன் 'ஓகே' என்று மாற்றப்பட்டது. இன்று வரை அப்படியே இருக்கிறது.

அந்தப் பட்டனை எழுதியவர்கள் அதை ஆயிரம் முறை பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு அது ஒருபோதும் 'டோல்ட்' ஆகத் தெரியாது. எழுதியவர் கண்ணுக்குத் தெரியாத குறை, முதல் முறை பார்ப்பவர் கண்ணுக்கு உடனே தெரிகிறது.

ஸ்டார்ட் பட்டன் எப்படி வந்தது?

அடுத்து நமக்கு நன்றாகத் தெரிந்த விண்டோஸ் 95ஐ எடுத்துக் கொள்வோம். இது 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்தது. இதற்கு முன் இருந்த விண்டோஸ் 3.1ல் புரோகிராம்களைத் திறக்க புரோகிராம் மேனேஜர், பைல்களைப் பார்க்க பைல் மேனேஜர் என்று தனித்தனியாக இருந்தன.

புதிய விண்டோஸின் தோற்றத்தை வடிவமைக்க 1992 அக்டோபரில் மைக்ரோசாப்ட் ஒரு டீமை அமைத்தது. சுமார் பன்னிரண்டு பேர். புராடக்ட் டிசைன், கிராபிக் டிசைன், யூசபிலிட்டி டெஸ்டிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று பல துறையினரும் ஒரே டீமில் இருந்தார்கள். இதுதான் கவனிக்க வேண்டிய இடம். டெஸ்டிங் செய்பவர்கள் கடைசியில் வந்து மார்க் போடுபவர்களாக இல்லை. முதல் நாளிலிருந்தே டீமின் உள்ளே இருந்தார்கள். டெவலப்மென்ட் முடியும் வரை 64 கட்டங்களாக லேப் சோதனைகள் நடந்தன. மொத்தம் 560 பேர் கலந்து கொண்டார்கள்.

அவர்கள் கண்டவற்றில் சில:

1. புதியவர்களுக்கு டபுள் கிளிக் செய்வதே பெரிய சிரமமாக இருந்தது.

2. ஒரு விண்டோவை இன்னொரு விண்டோ மறைத்துவிட்டால், கீழே இருப்பது மூடப்பட்டு விட்டது என்றே பலர் நினைத்தார்கள். இதற்குத் தீர்வாகத்தான் திறந்திருக்கும் எல்லாவற்றையும் காட்டும் டாஸ்க்பார் வந்தது.

3. ரைட் கிளிக் மெனுவைச் சொல்லிக் கொடுத்த பிறகும் கூடப் பலர் அதைப் பயன்படுத்தவில்லை. கண்ணுக்கு எதிரே தெரியும் மெனு, பட்டன்களை மட்டுமே நம்பினார்கள்.

4. ஆரம்ப வடிவத்தில் திரையின் கீழே சிஸ்டம், பைண்ட், ஹெல்ப் என்று மூன்று தனிப் பட்டன்கள் இருந்தன. சிஸ்டம் என்ற பெயரைப் பார்த்து அதை யாரும் அழுத்தத் துணியவில்லை. பின்னர் மூன்றும் ஒன்றாகி, 'ஸ்டார்ட்' என்று பெயர் பெற்றது. எங்கே தொடங்குவது என்று விழித்தவர்களுக்கு அந்த ஒரு சொல்லே வழி காட்டியது.

புதியவர்களுக்குத் தனியாக எளிய திரை, பழகியவர்களுக்கு வேறு திரை என்றும் ஒரு யோசனை இருந்தது. சோதித்துப் பார்த்து அதைக் கைவிட்டார்கள். எளிய திரையில் பழகியவர், பிறகு பெரிய திரைக்கு மாறும்போது எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும் என்பது காரணம்.

இந்த டீம் இன்னொன்றும் செய்தது. பக்கம் பக்கமாக டிசைன் குறிப்பு எழுதி வைப்பதை நடுவில் நிறுத்திவிட்டது. மாற்றங்கள் வேகமாக வந்ததால் எழுதியது உடனுக்குடன் பழையதாகிப் போனது. அதற்குப் பதிலாக மாதிரி வடிவத்தையே, அதாவது புரோட்டோடைப்பையே அனைவரும் பார்த்துப் பேசும் ஆவணமாக வைத்துக் கொண்டார்கள்.

கடை வாசலிலிருந்து வீடு வரை

லேப் இல்லாமலும் யூசரைப் பார்க்க முடியும் என்பதற்கு இன்ட்யூட் நிறுவனம் நல்ல எடுத்துக்காட்டு. ஸ்காட் குக், டாம் புரூ ஆகிய இருவரும் 1983ல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் இது. வீட்டுக் கணக்கு எழுதும் குவிக்கன் என்ற சாப்ட்வேரை விற்றது. 1980களின் பிற்பகுதியில் இதன் ஊழியர்கள் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக் கொண்டார்கள். கடையில் காத்திருந்து, குவிக்கன் வாங்கியவரிடம் அனுமதி கேட்டு, அவர் வீட்டுக்கே போய், அவர் அதை முதல் முறை இன்ஸ்டால் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். 'பாலோ மீ ஹோம்' என்று இதற்குப் பெயர்.

வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் இந்த வழக்கத்தால் அவர்களுக்கு எதிர்பாராத ஒரு விஷயம் தெரிந்தது. வீட்டுக் கணக்குக்காக எழுதிய சாப்ட்வேரைப் பலர் தங்கள் சிறு தொழிலின் கணக்குக்குப் பயன்படுத்திக் கொண்டிருந்தார்கள். முறையான அக்கவுண்டிங் சாப்ட்வேர்கள் அவர்களுக்குப் புரியவில்லை. இதிலிருந்து வந்ததுதான் 1992ல் வெளியான குவிக்புக்ஸ். ஆபீசில் உட்கார்ந்து கொண்டே யோசித்திருந்தால், "தவறான இடத்தில் பயன்படுத்துகிறார்கள்" என்று ஒதுக்கி இருப்பார்கள்.

எத்தனை மணி நேரம்? எத்தனை பேர்?

யூசர் ரிசர்ச் துறையில் பெயர் பெற்ற ஜாரெட் ஸ்பூல், 2011ல் ஒரு எளிய அளவுகோலைச் சொன்னார். டீமில் உள்ள ஒவ்வொருவரும் ஆறு வாரத்துக்கு ஒரு முறை குறைந்தது 2 மணி நேரம், யூசர்கள் வேலை செய்வதை நேரில் பார்க்க வேண்டும். டிசைனர்கள் மட்டும் பார்த்த டீம்களில் இந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார்.

இது அதிக நேரம் போலத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 40 மணி நேர வேலை என்றால் ஆறு வாரத்துக்கு 240 மணி நேரம். அதில் 2 மணி நேரம் என்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. யாரும் கேட்காத ஒரு வசதியை எழுதி முடித்துப் பிறகு தூக்கிப் போடுவதில் வீணாகும் நேரம் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

எத்தனை யூசர்களைப் பார்ப்பது? ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் ஆகிய இருவரும் 1993ல் வெளியிட்ட ஆய்வின்படி, சராசரியாக ஒரு யூசரைக் கவனித்தால் மொத்தக் குறைகளில் 31 சதவீதம் வெளியே வரும். இரண்டாவது யூசரிடம் சில பழைய குறைகளே மீண்டும் தெரியும், சில புதிதாகத் தெரியும். இப்படிக் கணக்கிட்டால் 2 பேரில் 52 சதவீதமும், 3 பேரில் 67 சதவீதமும், 5 பேரில் 84 சதவீதமும் தெரிந்துவிடும். இது சராசரி மட்டுமே. பெரிய, சிக்கலான சாப்ட்வேருக்கு அதிகம் பேர் தேவைப்படலாம். ஆனாலும் பாடம் ஒன்றுதான். ஒரே தடவையில் 15 பேரைப் பார்ப்பதைவிட, 5 பேரைப் பார்த்து, திருத்தி, மறுபடி 5 பேரைப் பார்ப்பது மேல்.

ஸ்டீவ் க்ரூக் 2009ல் எழுதிய 'ராக்கெட் சர்ஜரி மேட் ஈஸி' என்ற நூல் இதை இன்னும் எளிமையாக்கியது. மாதம் ஒரு காலை, மூன்று யூசர்கள், மதியச் சாப்பாட்டின்போது கலந்து பேசி முடிவு. சிறிய டீமுக்கு இது மிகவும் பொருத்தமானது. கீழே வரும் செய்முறையும் இதையொட்டியே தரப்பட்டுள்ளது.

செய்முறை: ஒரு காலை, மூன்று யூசர்கள்

நான்கு பேர் கொண்ட ஒரு டீம், மருந்துக் கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் எழுதுகிறது என்று வைத்துக் கொள்வோம்.

1. நாளைக் குறியுங்கள்: மாதத்தின் முதல் வியாழன் என்பது போல ஒரு நாளை நிரந்தரமாக வைத்துக் கொள்ளுங்கள். "சாப்ட்வேர் முடிந்ததும் பார்க்கலாம்" என்று தள்ளிப் போட வேண்டாம். பாதி முடிந்த ஸ்கிரீனையும் காட்டலாம். காகிதத்தில் வரைந்த ஸ்கிரீனையும் காட்டலாம்.

2. ஆட்களைத் தேர்ந்தெடுங்கள்: கடையில் பில் போடும் ஊழியர்கள்தான் உங்கள் யூசர்கள். கடை முதலாளி பணம் கொடுத்து வாங்குபவர். ஆனால் அவர் பில் போடுவதில்லை. உங்கள் ஆபீசில் பக்கத்து சீட்டில் இருப்பவரும் யூசர் அல்ல. முடிந்தால் ஒரு புதியவர், ஒரு பழகியவர், வேறு சாப்ட்வேர் பயன்படுத்துபவர் ஒருவர் என்று அழையுங்கள். வந்து போகும் செலவையும், அவர் நேரத்துக்கு ஒரு சிறு தொகையையும் கொடுங்கள்.

3. வேலைகளை எழுதுங்கள்: மூன்று அல்லது நான்கு வேலைகள் போதும். ஸ்கிரீனில் உள்ள சொற்களைக் கேள்வியில் பயன்படுத்தக் கூடாது. "சேல்ஸ் ரிட்டர்ன் எண்ட்ரி போடுங்கள்" என்றால், அந்தச் சொல் உள்ள பட்டனைத் தேடி அழுத்திவிடுவார். நமக்கு ஒன்றும் தெரியாது. "நேற்று மாத்திரை வாங்கிப் போனவர் ஒரு அட்டையைத் திருப்பிக் கொண்டு வந்திருக்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள்.

4. அறையைப் பிரியுங்கள்: யூசரோடு ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும். நான்கு பேர் சுற்றி நின்றால் யாருக்கும் கை நடுங்கும். மற்றவர்கள் பக்கத்து அறையில் திரையைப் பார்க்கட்டும். யூசரின் முதலாளியை இரு அறைகளிலும் அனுமதிக்காதீர்கள். அவர் இருந்தால் ஊழியர் மனம் விட்டுப் பேச மாட்டார்.

5. தொடங்கும்போது சொல்லுங்கள்: "நாங்கள் உங்களைச் சோதிக்கவில்லை. எங்கள் சாப்ட்வேரைச் சோதிக்கிறோம். எங்காவது புரியவில்லை என்றால் அது எங்கள் தப்பு. மனதில் என்ன தோன்றுகிறதோ அதை வாய்விட்டுச் சொல்லிக் கொண்டே செய்யுங்கள்." இப்படிச் சொல்லிக் கொண்டே செய்யும் முறையைப் பற்றி ஐபிஎம் நிறுவனத்தின் கிளேட்டன் லூயிஸ் 1982லேயே எழுதியிருக்கிறார்.

6. உதவி செய்யாதீர்கள்: இதுதான் மிகவும் கடினம். யூசர் தடுமாறும்போது பேசாமல் இருங்கள். அவர் "இதை அழுத்தினால் என்ன ஆகும்?" என்று கேட்டால், "என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் மிகவும் சோர்ந்து போனால் மட்டும், நன்றி சொல்லி அடுத்த வேலைக்கு மாறுங்கள்.

7. பார்ப்பவர்கள் எழுதட்டும்: பக்கத்து அறையில் உள்ள ஒவ்வொருவர் கையிலும் சிறு சீட்டுகளும் பேனாவும் இருக்க வேண்டும். ஒரு சீட்டில் ஒரு விஷயம். ஒவ்வொரு யூசர் முடிந்ததும், மிக மோசமான மூன்று குறைகளை ஒவ்வொருவரும் குறிக்க வேண்டும்.

பார்த்தது வேறு, நினைத்தது வேறு

சீட்டில் எழுதும்போது ஒரு விதியைக் கடைப்பிடியுங்கள். கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை மட்டும் எழுதுங்கள்.

தவறு: "அவருக்கு மெனு பிடிக்கவில்லை."
சரி: "ரிட்டர்னைத் தேடி மூன்று மெனுக்களைத் திறந்தார். பிறகு பழைய பில்லை டெலிட் செய்யப் போனார்."

தவறு: "எக்ஸ்பைரி தேதி வசதி சூப்பர் என்றார்."
சரி: "எக்ஸ்பைரி ஸ்கிரீனைப் பாராட்டினார். ஆனால் வேலை செய்யும்போது அதைத் திறக்கவே இல்லை."

முதல் வகையில் எழுதினால் சண்டைதான் வரும். இரண்டாவது வகையில் எழுதினால் என்ன செய்வது என்று தானே தெரியும். மேலே உள்ள எடுத்துக்காட்டில், பில்லையே டெலிட் செய்யப் போனார் என்றால் அது தோற்றம் பற்றிய குறை மட்டும் அல்ல. கடையின் ஸ்டாக்கும் கணக்கும் தப்பாகும். மாதக் கடைசியில் அந்த ஊழியர்தான் முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நாம் ஒரு பட்டனைத் தவறான இடத்தில் வைத்தால், திட்டு வாங்குவது வேறொருவர்.

சாப்பாட்டு நேரக் கூட்டம்

மூன்று யூசர்களும் போன பிறகு அன்றே உட்கார்ந்து பேசுங்கள். நாளைக்கு என்றால் பாதி மறந்துவிடும். எல்லாச் சீட்டுகளையும் சுவரில் ஒட்டுங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் சீட்டுகளை ஒன்றாகச் சேருங்கள். எந்த இடத்தில் சீட்டுகள் குவிகின்றனவோ அதுவே முக்கியமான குறை. அடுத்து மூன்று கேள்விகள் மட்டும்:

- அடுத்த மாதத்துக்குள் எதைக் கண்டிப்பாகத் திருத்துவோம்?
- அதற்குச் செய்யக்கூடிய மிகச் சிறிய மாற்றம் என்ன?
- யார் செய்வது?

சிறிய மாற்றம் என்பது முக்கியம். ஒரு ஸ்கிரீனில் குறை தெரிந்ததும் "எல்லாவற்றையும் புதிதாக எழுதி விடலாம்" என்று புரோகிராமர் சொல்வார். பெரும்பாலும் ஒரு சொல்லை மாற்றினாலே போதும். சிஸ்டம் என்பது ஸ்டார்ட் ஆனது போல.

செலவில்லாத கருவிகள்

கண்ணாடிச் சுவர் வைத்த லேப் எல்லாம் வேண்டாம். கீழ்க்கண்டவை போதும்.

கம்ப்யூட்டர் திரையைப் பக்கத்து அறையில் காட்ட: கூகுள் மீட் அல்லது ஜூம் மூலம் ஸ்கிரீன் ஷேர் செய்யுங்கள். பார்ப்பவர்கள் அனைவரும் மைக்கையும் கேமராவையும் அணைத்து வைக்க வேண்டும். பக்கத்து அறைச் சிரிப்பு யூசர் காதில் விழுந்தால் அன்றைய வேலை கெட்டது.

திரையை ரெக்கார்ட் செய்ய: ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். விண்டோஸ் 11ல் உள்ள ஸ்னிப்பிங் டூலிலும் ரெக்கார்ட் வசதி உண்டு. விண்டோஸ் கீயுடன் 'ஜி' அழுத்தினால் வரும் கேம் பாரும் ரெக்கார்ட் செய்யும். ஆனால் அது ஒரு புரோகிராமின் விண்டோவை மட்டுமே பதிவு செய்யும், டெஸ்க்டாப் முழுவதையும் அல்ல.

மொபைல் ஆப் என்றால்: ஆண்ட்ராய்டு 11 முதல் ஸ்கிரீன் ரெக்கார்டர் உள்ளேயே இருக்கிறது. மேலிருந்து கீழே இழுத்தால் வரும் குயிக் செட்டிங்ஸில் பாருங்கள். போன் திரையைக் கம்ப்யூட்டரில் காட்ட எஸ்சிஆர்சிபிஒய் என்ற இலவச புரோகிராம் உண்டு. யூசர் எங்கே தொடுகிறார் என்பது தெரிய, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஷோ டாப்ஸ்' என்பதை ஆன் செய்யுங்கள்.

ரெக்கார்ட் செய்வதற்கு முன் யூசரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்றும் சொல்லுங்கள். தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாக்க 2023ல் இந்தியாவில் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. சோதனையில் உண்மையான நோயாளிகளின் பெயர், போன் நம்பர் எதுவும் திரையில் வராதபடி மாதிரி டேட்டாவைப் போட்டு வையுங்கள். நாங்கள் பார்த்த ஒருவர் எப்படித் தடுமாறினார் என்று வேடிக்கையாக வாட்ஸ்அப்பில் கிளிப் அனுப்புவது பெரிய துரோகம். உதவ வந்தவரை அவமானப்படுத்தினால் அடுத்த மாதம் யாரும் வர மாட்டார்கள்.

எங்கே தப்பு வரும்?

1. ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு ஓடுவது: முதல் யூசர் தடுமாறியதைப் பார்த்ததுமே புரோகிராமர் சீட்டுக்குப் போய் கோடை மாற்றத் தொடங்குவார். இரண்டாமவர் அதே இடத்தைச் சுலபமாகக் கடந்திருப்பார். மூவரையும் பார்த்த பிறகே முடிவு.

2. சதவீதம் சொல்வது: 5 பேரில் 4 பேர் தடுமாறினால் "80 சதவீத யூசர்களுக்குப் புரியவில்லை" என்று எழுதக் கூடாது. இந்த முறை குறைகளைக் கண்டுபிடிக்கத்தான். எத்தனை பேருக்கு என்று எண்ணுவதற்கு அல்ல. அதற்கு சர்வே, சர்வர் லாக் போன்ற வேறு வழிகள் உண்டு.

3. என்ன வேண்டும் என்று கேட்பது: "இந்த வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டால் மரியாதைக்காகவே "கண்டிப்பாக" என்பார்கள். நேற்று இந்த வேலையை எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள். செய்து காட்டச் சொல்லுங்கள்.

4. ரிசர்ச் செய்பவர் தேவையில்லை என்று நினைப்பது: எல்லோரும் பார்ப்பது என்றால் எல்லோரும் நடத்துவது என்று பொருள் அல்ல. கேள்விகளை அமைப்பதும், யூசரோடு பேசுவதும், கண்டதிலிருந்து சரியான முடிவுக்கு வருவதும் பயிற்சி வேண்டும் வேலைகள். தெரிந்தவர் நடத்தட்டும். மற்றவர்கள் பார்க்கட்டும், எழுதட்டும்.

5. மேலாளர் வராமல் இருப்பது: எதைத் திருத்துவது என்று முடிவு செய்பவர் அவரே. அவர் பார்க்காவிட்டால், பார்த்தவர்கள் அவருக்குப் புரிய வைக்கவே அடுத்த இரண்டு வாரம் போய்விடும்.

வீட்டு யூசர்களுக்கு

இந்த இதழைப் படிக்கும் பலரும் சாப்ட்வேர் எழுதுபவர்கள் அல்லர், பயன்படுத்துபவர்கள். உங்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. யாராவது உங்களைச் சோதனைக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். கம்ப்யூட்டர் அதிகம் தெரியாதே என்று யோசிக்க வேண்டாம். உங்களைப் போன்றவர்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லுங்கள். நன்றாக இருக்கிறது என்று முகத்துக்காகச் சொல்ல வேண்டாம்.

புரோகிராமிங் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி. நீங்கள் செய்த புராஜெக்ட்டை உங்கள் அம்மாவிடமோ தாத்தாவிடமோ கொடுத்து ஒரு வேலையைச் சொல்லுங்கள். புராஜெக்ட்டில் கூட இருந்த நண்பர்களையும் அழைத்து உட்கார வையுங்கள். பத்து நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே நிற்கிறார், எதைத் தவறாகப் படிக்கிறார் என்று எழுதுங்கள். முடிந்ததும் அவர் "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா" என்று சொல்லக் கூடும். அப்போது, "இல்லை, நாங்கள்தான் சரியாகச் செய்யவில்லை" என்று சொல்லிவிட்டு, எழுதியதை எடுத்துக் கொண்டு அனைவரும் கம்ப்யூட்டர் முன் உட்காருங்கள். அடுத்த வாரம் அவரிடமே மறுபடி காட்டுங்கள்.